கெவினின் தாடியும் இரண்டு குட்டிகளும்

நான் பிழைக்க வந்திருக்கும் நியூசிலாந்தில், ஒரு மனிதன் இளைத்துப்போனால் கைதட்டுகிறார்கள். ஹாமில்டன் நகரத்தில் நான் வேலை பார்க்கும் கிடங்கில், ஒரு திங்கட்கிழமை காலை எடைமெஷினில் ஏறி நின்றேன். போன வாரத்தைவிட ஒரு கிலோ குறைந்திருந்தது. சுற்றி நின்ற எட்டுப் பேரும் கைதட்டினார்கள். ஒருவர் விசிலே அடித்துவிட்டார். எனக்கு வெட்கமாகவும் குஷியாகவும் இருந்தது. நம் கோவில்பட்டிப் பக்கம் ஒருவன் இளைத்து வந்து நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். பஸ்ஸைவிட்டு இறங்கி டீக்கடையைத் தாண்டுவதற்குள் மஞ்சள்காமாலையா, காதல் தோல்வியா என்று நாலு பேர் விசாரித்துவிடுவார்கள்.

இது 2004இல் நடந்தது. கிடங்கில் பன்னிரண்டு வாரப் போட்டி ஒன்று வைத்தார்கள். இரண்டிரண்டு பேராகச் சேர வேண்டும். உடம்பில் கொழுப்பு குறைய வேண்டும், ஆனால் தசை குறையக் கூடாது. வெறுங்காலோடு ஏறி இரண்டு கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டால் கொழுப்பு இவ்வளவு, தசை இவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் மெஷின் ஒன்று அங்கே இருந்தது. எனக்கு ஜோடி கெவின். செம்மறி வளர்க்கும் குடும்பத்தில் பிறந்தவன், மலைபோல் ஆள், நெஞ்சுவரை இறங்கிய சிவப்புத் தாடி. தோற்கிற ஜோடி முகத்தை மழித்துக்கொள்ள வேண்டும் என்பது பந்தயம். அவனுக்குப் பன்னிரண்டு வருடத் தாடி. எனக்குக் கல்லூரியில் முளைத்த மீசை. தைரியமாக இருக்கட்டுமே என்று, "முடியிலே என்ன இருக்கிறது கெவின்? எங்கள் ஊர்ப் பக்கம் கழுகுமலைக் கோயிலில் வரிசையில் நின்று மொட்டை போட்டுக்கொள்வோம்" என்றேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "அத்தனை பேருமா பந்தயத்தில் தோற்றார்கள்?" என்று கேட்டான்.

சாப்பாட்டை வெட்டினால் கொழுப்பு மட்டும் கரையாது, கூடவே சதையும் கரையும். அதைப் பிடித்து நிறுத்தத்தான் வே புரோட்டீன் என்ற பவுடர். பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி எடுத்த பிறகு மிஞ்சும் தண்ணீரிலிருந்து செய்கிறார்கள். மூடி போட்ட ஷேக்கர் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, ஒரு கரண்டி பவுடர் போட்டு, கிலுகிலுப்பை ஆட்டுவதுபோல் ஆட்டிக் குடிக்க வேண்டும். வெனிலா வாசம். முதல் நாள் குடித்துவிட்டு, பச்சைக்குழந்தையின் சாப்பாட்டைத் திருடிவிட்டதுபோல் கூசிப்போனேன். போட்டி பாதியில் இருக்கும்போது ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்துவிட்டது. நான்கு வார விடுப்பில் கிளம்பினேன். கெவின் மூன்று டப்பாக்களை என் பெட்டியில் அவனே அடுக்கி, "தினம் இரண்டு வேளை, மறக்காதே" என்று தாடியைத் தடவிக் காட்டினான்.

பசுவந்தனைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கரிசல் வெடித்து, பிளவுக்குள் செருப்பு விழுந்தால் குனிந்து தேட வேண்டிய கோடை. என்னைப் பார்த்ததும் அம்மாவின் முகம் தொங்கிவிட்டது.

"என்னய்யா இப்படி வத்திப்போயி வந்திருக்க? அங்கன சோறு போடுதாங்களா இல்லியா?"

"நானாத்தாம்மா கொறைக்கேன். இதுக்குக் கைதட்டுதாங்க."

"தட்டுவாங்க, தட்டுவாங்க. பெத்தவளா தட்டுதா?"

அப்பாவுக்கு அறுபது ஆடுகள். அவர் டப்பாவைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மூடியைத் திறந்து மோந்தார். விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"இது எதுக்குலே?"

"தீனியக் கொறைச்சாலும் சதை கொறையாம இருக்கதுக்குப்பா."

அவ்வளவுதான் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன எதையும் அப்பா அத்தனை கவனமாகக் கேட்டதில்லை.

மறுநாள் தங்கச்சி வீட்டுக்குப் போனவன் இரண்டு நாள் கழித்துத் திரும்பினேன். தொழுவில் அப்பா குத்தவைத்து உட்கார்ந்து என் ஷேக்கர் பாட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார். பாட்டில் வாயில் ரப்பர் காம்பு. மடியில் ஒரு செவலைக்குட்டி, காலடியில் ஒரு கருப்புக்குட்டி. இரண்டும் இரட்டை, தாயாடு ஈன்ற மறுநாளே செத்துவிட்டதாம். ஒரு டப்பாவில் பாதி காலி.

"எப்பா! அது என் பவுடரு!"

"நீதானலே சொன்ன, தீனி இல்லாட்டியும் சதை கொறையாதுன்னு? முப்பது கோடையா நான் இதைத்தான் தேடுதேன். வெள்ளாட்டுப் பாலு பாதி, இது பாதி. பாரு, நேத்து நிக்க மாட்டாம கெடந்தது இன்னிக்கு முட்டுது!"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு. ஹாமில்டனில் எத்தனையோ பேருக்கு அந்தப் பவுடரைப் பற்றி விளக்கியிருக்கிறேன்; ஒரே வரியில் அதைப் புரிந்துகொண்டவர் இவர் ஒருவர்தான். ஆனாலும் கெவினின் தாடி என் கண்முன் ஆடியது. குட்டிகள் மேய்ச்சலுக்குத் தேற ஒரு மாதமாவது ஆகும். அதுவரை மூன்று டப்பாவும் வேண்டும் என்றார் அப்பா. நான் குடித்தால் அவை பிழைப்பது சந்தேகம்; அவை குடித்தால் இரண்டு முகங்கள் மொட்டை. தாடி என்னுடையதும் இல்லை, எடுத்துக்கொடுப்பதற்கு.

கோவில்பட்டிக்கு பஸ் ஏறி, ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து கெவினுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். கூசிக்கொண்டே எழுதினேன். அவன் அப்பாவிடம் மூவாயிரம் ஆடுகள் உண்டு. இரண்டு குட்டிக்காகவா என்று சிரிப்பான் என்று பயம். மறுநாள் பதில் வந்திருந்தது. இரண்டே வரி. "இளஞ்சூட்டில் கொடு, ஒரேயடியாகக் கொடுக்காதே, வயிற்றால் போகும். தாடி வளரும்."

நானும் சும்மா இருக்கவில்லை. முட்டை தின்றேன், அவித்த கொள்ளு தின்றேன், தண்ணீர்க்குடங்களைத் தூக்கிக் கை பழகினேன். ஆனால் கொடை வீட்டில் நேரத்துக்குத் தின்பதும் உறங்குவதும் யாரால் ஆகும்? ஹாமில்டன் திரும்பி, மீதி வாரங்களும் ஓடி, கடைசி நாள் மெஷினில் ஏறினேன். கொழுப்பு நன்றாகக் குறைந்திருந்தது. தசையும் அறுநூறு கிராம் குறைந்திருந்தது. தோற்றுவிட்டோம்.

சாயங்காலம் சாப்பாட்டு அறையில் நாற்காலி போட்டார்கள். முதலில் கெவின். தாடி கொத்துக்கொத்தாக விழுந்தது. உள்ளேயிருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பையனின் முகம் வெளியே வந்தது. அடுத்து நான். சவர மெஷின் இடது பக்க மீசையை எடுத்து முடித்த நேரம், என் செல்போன் ஒருமுறை அடித்து நின்றது. ஊர் மிஸ்டு கால். அவசரம் என்றால் மட்டும்தான் அண்ணன் போனிலிருந்து அப்பா அப்படிக் கொடுப்பார். குட்டிகளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். போர்த்தியிருந்த துணியோடு வெளியே ஓடி, காலிங் கார்டு எண்களைத் தப்பும் தவறுமாக அழுத்தினேன்.

"எப்பா, குட்டிக்கு என்னாச்சி?"

"ஒண்ணும் ஆவலலே. ரெண்டும் குதியாட்டம் போடுதுக. அந்த டப்பாதான் தீந்துபோச்சி. இன்னும் நாலு பிஞ்சுக கெடக்கு. அடுத்த டப்பா எப்ப அனுப்புத?"

துணியால் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பு அப்படி வந்தது.

"பேரு வச்சிட்டோம் பாத்துக்க. செவலைக்குக் கெவின். நீ காட்டுன போட்டாவுல அந்தத் தம்பி தாடி இந்த நெறந்தான? கருப்புக்கு ஒம்பேருதான். ரெண்டும் பிரியவே மாட்டேங்குது."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், தாடி இல்லாத கெவின் என்ன ஆயிற்று என்று கைசாடையில் கேட்டுக்கொண்டிருந்தான். அதே கண்ணாடியில் என் முகமும் தெரிந்தது. ஒரு பக்கம் ஊரில் அப்பாவுக்கு இருப்பதுபோல் மீசை, மறுபக்கம் கெவினைப்போல் வழுவழுப்பு. உள்ளேயிருந்து அவர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். காதில் அப்பா, "ஏலே, கேக்குதா?" என்று கத்திக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு குட்டிகள் கத்தின.

"கேக்குதுப்பா" என்றேன், மீசையிருந்த பக்கம் போனை மாற்றிக்கொண்டு.