உப்புத் தொடாத மாமா

எட்டு வயது வரைக்கும் எனக்குக் காது குத்தவில்லை. ராசிபுரத்துக்குக் கிழக்கே எங்கள் ஊரில் மூன்று வயதுப் பிள்ளைகளெல்லாம் தோட்டை ஆட்டிக்கொண்டு திரிய, நான் மட்டும் மூளிக் காதோடு இருந்தேன். காரணம் என் அம்மா. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அம்மாவின் ஒரே அண்ணனோ அவளுடைய ஆறாவது வயதில், கரும்புத் தோட்ட வேலைக்கு ஆள் பிடிக்க வந்தவர்களோடு கப்பலேறி, ஜமைக்கா என்னும் தீவுக்குப் போனவர். அம்மாவின் சித்தப்பா மகனை உட்கார வைத்துக் குத்திவிடலாம் என்று அப்பா எத்தனையோ தடவை சொன்னார். "என்ற அண்ணன் வருவானுங்க" என்று ஒரே பேச்சில் நின்றுவிட்டாள் அம்மா. அந்தப் பிடிவாதம்தான் எனக்கும் வந்திருக்கிறது. அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

மாமா வந்தேவிட்டார். கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலை பார்த்துக்கொண்டே பாதி உலகத்தைச் சுற்றி, ஒரு மத்தியானம் எங்கள் களத்தில் வந்து நின்றார். இடுப்பு வரைக்கும் சடை தொங்கியது. புருவத்தில் இருந்த பழைய தழும்பைப் பார்த்துத்தான் அம்மா அடையாளம் கண்டாள். சடையைக் கண்ட ஊர் ஜனம் காலில் விழுந்தது. "எந்திரிங்க சாமி, நானும் உங்களாட்டந்தான்" என்று ஒவ்வொருவரையும் தூக்கிவிட்டார்.

அந்தத் தீவின் மலைமேல் ஒரு கூட்டத்தார் இருக்கிறார்களாம். தலையில் கத்தி படவிட மாட்டார்கள். கறி தின்ன மாட்டார்கள். மத்தளம் தட்டிப் பாடுவார்கள், ஒரே சட்டியில் ஆக்கி, வந்தவர்களுக்கெல்லாம் போட்டுத் தாங்களும் உண்பார்கள். கடலுக்கு அப்பால் ஆப்பிரிக்க மண்ணில் ஒரு கறுப்பு ராஜா முடிசூடியிருக்கிறார், அவரே தெய்வம், ஒருநாள் தங்களைத் தங்கள் மண்ணுக்கே கூட்டிப் போவார் என்று காத்திருக்கிறார்களாம். தோட்ட வேலை முடிந்த பிறகு மாமா அவர்களோடுதான் இருந்திருக்கிறார்.

எங்கள் வீட்டிலும் அப்படியே இருந்தார். கிணற்றடியில் மூன்று கல்லைக் கூட்டி, பூசணியும் கீரையும் தேங்காய்ப்பாலும் போட்டுத் தானே ஆக்கிக்கொண்டார். பண்ணையாட்களின் பிள்ளைகளும் நானும் அந்தச் சட்டியைச் சுற்றி ஒன்றாக உட்கார்ந்து தின்றோம். உப்பு மட்டும் ஒரு கல்கூடக் கிடையாது. அப்பாவின் அக்கா, என் அத்தை, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "மாட்டுக்குக்கூடக் கழனித்தண்ணியில உப்புப் போடுவோம். இதென்ன கூத்து?"

"முருகனுக்கு விரதமுங்க" என்றாள் அம்மா. "காது குத்துனா முடிஞ்சுரும்."

அது பொய்யென்று எனக்குத் தெரியும். ஏனென்றால் நான் மாமாவிடமே கேட்டிருந்தேன்.

"உப்புத் தின்னா ஒடம்பு கனத்துப் போகும், அம்மிணி" என்றார். "அந்தக் காலத்துல அந்த மலை ஜனத்தோட பாட்டன் பூட்டனைச் சங்கிலி போட்டுக் கப்பல்ல கொண்டாந்தாங்க. அவுங்கள்ல உப்புத் தொடாதவங்க எல்லாம் கடலுக்கு மேலயே பறந்து அவுங்க ஊடு போய்ச் சேந்துட்டாங்களாம்."

"நீங்கதான் ஊட்டுக்கு வந்துட்டீங்களே. இன்னும் எங்க பறக்கோணும்?"

மாமா கொல்லிமலைப் பக்கம் பார்த்தார். பிறகு என்னை இழுத்துத் தன் இடுப்போடு நிறுத்தி உயரம் பார்த்தார். "உனக்கு எட்டுத்தானே?" என்றார். தினமும் இதைக் கேட்பார். அவர் கழுத்துக் கயிற்றில் ஒரு சின்னக் குன்றிமணி வளையல் தொங்கிக்கொண்டிருக்கும். எனக்குக் கொடுங்கள் என்று எத்தனை கெஞ்சியும் தரவில்லை. "அது உன்னாட்டமே வேற ஒருத்தியோடது, சாமி. கொண்டுபோய்க் குடுக்கோணும்" என்பார்.

காதுகுத்து அன்று சொந்தமெல்லாம் கூடிவிட்டது. மாமா மடியில் உட்கார்ந்தேன். ஆசாரி ஊசியை இறக்கியபோது பல்லைக் கடித்துக்கொண்டேனே தவிர, அழவில்லை. "அண்ணன் வந்துட்டானுங்க பாத்தீங்களா" என்று அம்மா அன்றைக்கு வாயால் சொல்லவில்லை. நடையிலேயே சொன்னாள்.

பந்தி உட்கார்ந்தது. எங்கள் பக்கம் இலையில் முதலில் விழுவது உப்புதான். அத்தை வரிசையாக வைத்துக்கொண்டே வர, பின்னாலேயே சோறும் விழுந்தது. மாமா தன் இலையைக் கையால் மறைத்தார்.

"விரதம் முடிஞ்சுதுங்கல்ல?" என்றாள் அத்தை.

மாமா கையை எடுக்கவில்லை.

"ஓ! எங்க ஊட்டு உப்பு ஆகாதாக்கும்?"

அப்பாவின் பெரியப்பா சோற்றில் வைத்த கையை எடுத்துக்கொண்டார். "உப்பு வேண்டாம்னா உறவு வேண்டாம்னுதான் அர்த்தம். எந்திரிங்கடா எல்லாரும்" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். இலைகளுக்கு நடுவே அம்மா குழம்புச் சட்டியோடு நின்றாள். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தனை வருடமாக அண்ணன், அண்ணன் என்று சொல்லிக்கொண்டிருந்த வாய் அது.

மாமா அவளை நிமிர்ந்து பார்த்தார். நான் அவர் பக்கத்தில்தான் இருந்தேன். வெகுநேரம் பார்த்தது போல இருந்தது. பிறகு கையை விலக்கி, "வைங்க" என்றார். அத்தை வைத்த உப்பைச் சோற்றில் பிசையவில்லை. விரல்நுனியில் ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துக் கரையவிட்டார். அதற்குப் பிறகுதான் சோற்றைத் தொட்டார். "அப்படிப் போடுங்க!" என்று அந்தப் பெரியவர் சிரிக்க, பந்தி மறுபடியும் கலகலத்தது. மாமாவின் கண்ணில் தண்ணீர் வழிந்தது. குழம்பில் காரம் கூடிவிட்டது என்று நினைத்து என் செம்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.

மாமா அதற்குப் பிறகு எங்கும் போகவில்லை. அடுத்த நாளிலிருந்து எங்கள் வீட்டுச் சோற்றையே தின்று, எங்கள் காட்டையே உழுது, எங்களோடே இருந்து முடிந்தார். ஒரு நாள்கூடக் கப்பலைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

அன்று கைகழுவ வந்தபோது கழுத்துக் கயிற்றை அவிழ்த்து, வளையலை உருவி என் கையில் மாட்டினார். "நீயே போட்டுக்க, அம்மிணி" என்றார். கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது. யார் கைக்கு அளவெடுத்தது என்று நான் கேட்கவில்லை. காது குத்தும்போது அழாமல் இருந்ததற்கு மாமா கொடுத்த பரிசு என்று, ஊர் முழுக்கக் கையை நீட்டிக் காட்டிக்கொண்டு ஓடினேன்.