போர்டில் நான் சேர்த்த வரி

அறுபதுகளில் நான் நகராட்சியில் குமாஸ்தா. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கட்டணக் கழிப்பிடம் திறந்தபோது, போர்டுக்கு வாசகம் எழுதிக் கொடுத்தவன் நான்தான். "கட்டணம் ஐந்து பைசா" என்று மட்டும் எழுதச் சொன்னார்கள். "காசு கொடுத்த பிறகே உள்ளே அனுமதி" என்று நானாக இன்னொரு வரி சேர்த்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

ஒரு மாதம் கழித்து, கடலூர் முதுநகரில் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினேன். புதுச்சத்திரம் தாண்டியதுமே வயிறு கலக்கத் தொடங்கியது. சிதம்பரத்தில் இறங்கி ஓடினேன். பையில் ஒரே ஒரு பத்து ரூபாய் நோட்டுதான் இருந்தது. வாசலில் காசு வாங்கும் அம்மாளிடம் அதை நீட்டினேன். அவள் தலைக்கு மேல் என் போர்டு தொங்கியது.

"மொதல்ல உள்ள போங்க சார். காச வந்து குடுக்கலாம்" என்றாள்.

வெளியே வந்தபோது உடம்பே இலேசாகியிருந்தது. டீக்கடையில் நோட்டை மாற்றி ஐந்து பைசாவைக் கொடுத்தேன்.

"எல்லாரையும் இப்படித்தான் விடுவீங்களா?"

"அவசரத்துல வர்றவுங்கள நிக்க வெக்க முடியுமா? வெளிய வந்ததும் அவுங்களே குடுத்துடுறாங்க. எனக்குப் படிக்கத் தெரியாது சார். இந்த போர்டுல என்னதான் போட்டிருக்கு?"

"கட்டணம் அஞ்சு பைசா."

"கீழ இன்னொரு வரி இருக்குதே?"

போர்டை அண்ணாந்து பார்த்துப் படிப்பதுபோல் சொன்னேன். "அவசரமா வர்றவுங்க காச அப்புறம் குடுக்கலாம்னு போட்டிருக்கு."

"அப்ப நான் செய்யறது சரிதான்" என்று காசை டப்பாவில் போட்டாள்.

மறுநாளே என் கைக்காசில் பெயிண்டரை அழைத்துப்போய், நான் படித்துச் சொன்னபடியே அந்த வரியை மாற்றி எழுதவைத்தேன். அவளிடம் சொன்ன பொய் ஒரு நாளுக்கு மேல் பொய்யாக இருக்கவில்லை என்பதில் எனக்கு இன்றும் நிம்மதி.