அவள் காலுக்கு நான் வைத்த நேர்த்தி

ரயில் தலைமன்னாருக்கு ஓடத் தொடங்கிய பிறகு மன்னார்த் தீவின் சரளைக் கிரவல் தெருவுக்கு வேலை இல்லாமல் போயிற்று. மூட்டை, மனிதர், கருவாடு, கடிதம் எல்லாம் தண்டவாளத்தில் போயின. தெரு மட்டும் செப்பமாகக் கிடந்தது. அதைச் செப்பமாக வைத்திருக்க வெள்ளைக்கார அரசாங்கம் எனக்குச் சம்பளம் தந்தது. நான் தெரு வேலையை மேற்பார்க்கும் ஓவசியர். ஆளில்லாத தெருவுக்கு ஓவசியர் என்று கந்தோரில் கூட வேலை செய்பவர்கள் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும். என் ஆட்கள் கிரவல் பரப்பி, தண்ணீர் தெளித்து, உருளை இழுத்துச் சமப்படுத்திய தெரு அது. மழைக்கு அடுத்த நாள் அதில் சைக்கிள் ஓடினால், சில்லு போகும் சத்தம் சுளகில் அரிசி கொழிப்பது போலக் கேட்கும். காலையில் புறப்பட்டால் பனங்கூடல்களுக்கு நடுவே நாலைந்து மைல் வரை ஒரு வண்டியும் எதிரே வராது. வந்தால் கழுதைதான் வரும். அது வழிவிடாது, நாம்தான் சுற்றிப் போகவேண்டும்.

இந்தத் தெருவை என்னைவிட அதிகம் விரும்பியவள் என் மனைவி. அவளுக்கு இருந்த ஒரே சந்தோசம் அதில் சைக்கிள் ஓடுவது. அந்தச் சந்தோசத்தை நான் பறித்தேன். நல்லது செய்வதாக நினைத்துத்தான் பறித்தேன். ஆனால் பறித்தவன் நான்.

அவள் பெரியமடுப் பக்கத்தில், வயலும் குளக்கட்டுமான இடத்தில் பிறந்தவள். தீவுக்கு வாழ வந்த புதிதில் மணலில் நடந்து கால் உளைகிறதென்று ஒரே முறைப்பாடு. நாங்கள் உப்புக்குளத்தில் ஒரு முஸ்லிம் வியாபாரியின் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் மேலதிகாரியான துரை சீமைக்குத் திரும்பியபோது, அவருடைய மனைவி ஓடிய சைக்கிளை எங்களிடம் விட்டுப் போனார். குறுக்குப் பார் இல்லாத, சேலை சிக்காமல் பின் சில்லுக்கு வலை கட்டிய பெண்கள் சைக்கிள். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றேன். அவள் விடவில்லை.

"எனக்கு ஓடப் பழக்குங்கோ."

"ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அவையின்ர பல்லுத்தானே தெரியும்."

ஒன்பது நாளில் பழகிவிட்டாள். சீற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிய நான்தான் இரண்டு தரம் விழுந்தேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பூசை முடிந்ததும் புறப்படுவோம். ஊர் எல்லை வரை அவள் குடை பிடித்து, நல்ல பிள்ளை போல நடந்து வருவாள். நான் ஒரு கைக்கு ஒன்றாக இரண்டு சைக்கிளையும் தள்ளிக்கொண்டு போவேன். கடைசி வேலியைத் தாண்டியதும் குடை என் சைக்கிளுக்கு வந்துவிடும், அவள் ஏறிவிடுவாள். ஓலைத்தொடுவாய் மட்டும், கடல் தெரியும் இடம் வரை, போவோம். அங்கே கரைக்கு இழுத்து வைத்த வள்ளத்தின் நிழலில் இருந்து, பனையில் இறக்கிய கருப்பநீர் குடிப்போம். பனை ஈர்க்கில் கோர்த்த மீனைக் கைபிடியில் தொங்கவிட்டுக்கொண்டு திரும்புவோம். வீட்டில் வாய் ஓயாத மனிசி, சைக்கிளில் ஏறினால் ஒரு சொல் பேசமாட்டாள். ஒருமுறை மட்டும் திரும்பிப் பார்த்து, "இந்தத் தெரு முழுக்க எங்களுக்கெண்டே போட்டிருக்கு என்ன?" என்று கேட்டாள். போட்டவனிடமே கேட்கிறீர் என்று சொல்லிச் சிரித்தேன்.

மூன்றாம் வருடம் அவளுக்கு வயிற்றில் தங்கியது. நாலாம் மாதம் கலைந்தது. பார்க்க வந்த என் அக்கா, "சைக்கிள் குலுக்கின குலுக்குக்குப் பிள்ளை நிக்குமோ, தம்பி?" என்று அவளுக்கும் கேட்கும்படியே என்னைக் கேட்டாள். ஆசுபத்திரியில் வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்றார். சில பிள்ளைகள் தங்குவதில்லை, அவ்வளவுதான் என்றார். அப்போதிக்கரி சொன்னதை நான் காதால் கேட்டேன். அக்கா சொன்னது நெஞ்சில் போய் இருந்துகொண்டது.

அவள் ஒரு வருடம் சைக்கிளைத் தொடவில்லை. இரண்டாவது பிள்ளை ஐந்தாம் மாதத்தில் போயிற்று.

"பாத்தியளோ? ஓடாமலும் போகுது," என்றாள். அதை வெற்றியாகச் சொல்லவில்லை, அழுதுகொண்டு சொன்னாள்.

நாற்பது நாள் கழித்து அவளே சைக்கிளை வெளியே எடுத்தாள். அன்று ஓலைத்தொடுவாயில் இறங்கவுமில்லை. கடல் தெரிந்ததும் அப்படியே திருப்பிக்கொண்டு வந்தாள். பின்னால் போன எனக்கு அவள் தோள் குலுங்குவது தெரிந்தது. வீட்டில் அழுதால் அக்கா வருவாள், அயல் வரும், ஆளுக்கொரு ஆறுதல் சொல்லும். தெருவில் யாரும் இல்லை. ஆறுதல் சொல்ல ஆளில்லாத இடம் ஒன்று அவளுக்கு வேண்டியிருந்தது. இது எனக்கு அன்றைக்கே விளங்கியிருந்தால் பிறகு நடந்த ஒன்றும் நடந்திராது. விளங்கவில்லை. நான் கிரவல் எங்கே கரைந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாவது முறை தங்கியபோது மடு மாதா கோயிலின் ஆவணித் திருநாள் வந்தது. அவளை மாட்டுவண்டியில் ஏற்றப் பயந்து, நான் மட்டும் மடுவுக்கு நடந்து போனேன். கோயிலில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தலைமுடி கொடுத்தார்கள், ஆளுயர மெழுகுதிரி கொடுத்தார்கள், முழங்காலில் நடந்தார்கள். ஒருவன் இனிச் சாராயம் தொடமாட்டேன் என்று சத்தமாகச் சொல்லி அழுதான். எனக்கு விட ஒன்றும் இல்லை. குடியில்லை, சுருட்டில்லை, சூதில்லை. மாதாவின் முன்னால் வெறுங்கையோடு நின்ற என் வாயில் வந்தது இதுதான்: "தாயே, இந்தப் பிள்ளை உயிரோடு பிறந்தால் என் மனைவி இனிச் சைக்கிளைத் தொடமாட்டாள்."

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். கோயில் வேறு, தேங்காய் அதேமாதிரி மற்றவருடையது.

மகள் பிறந்தாள். நல்ல பிள்ளை, பெரிய சத்தம். ஞானஸ்நானம் கொடுத்து வீட்டுக்கு வந்த பிறகு மடுவில் வைத்த நேர்த்திக்கடனைப் பற்றிச் சொன்னேன். பிள்ளையை மடியில் வைத்திருந்த அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நேர்த்தி வைக்க உங்களுக்கும் ரெண்டு கால் இருந்ததே," என்றாள்.

அவ்வளவுதான். சண்டை பிடிக்கவில்லை. அவள் சண்டை பிடித்திருந்தால் நானும் கத்தியிருப்பேன். ஒரு கிழமையில் ஏதாவது முடிவுக்கு வந்திருப்போம். நேர்த்தியை மீறினால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தை இரண்டு பேர் நடுவிலும் வைத்துவிட்டேன். அதைத் தாண்டி அவள் எப்படி வருவாள்?

சைக்கிள் வீட்டின் பின்பக்கத் தாழ்வாரப் பத்தியில் நின்றது. "சும்மா நிண்டா ரப்பர் வெடிச்சுப் போகும், காத்தடிச்சு வையுங்கோ," என்று மாதம் ஒருமுறை சொல்வாள். நானும் அடித்து வைப்பேன். ஏன் என்று யோசிக்கவில்லை. பின்னேரம் நான் வேலையால் வந்ததும் அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"எங்கை மட்டும் போனனீங்கள்?"

"ஓலைத்தொடுவாய் மட்டும்."

"தெருவில ஆரும் வந்தவையோ?"

"ஒருத்தருமில்லை."

அவளுக்கு அது போதுமென்று நினைத்தேன். ஒரு வார்த்தை கூடச் சொல்லியிருக்கலாம். மழைத்தண்ணீரில் நின்ற கொக்கைச் சொல்லியிருக்கலாம், காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று சொல்லியிருக்கலாம். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே ஒருத்தருமில்லை என்பேன்.

மகளுக்கு எட்டு வயதானபோது பங்குப் பாதிரியாராகப் புதிய சுவாமி வந்தார். கோயில் வாசலுக்குக் கிரவல் போட்ட நாளில் பேச்சோடு பேச்சாக என் நேர்த்தியைச் சொன்னேன். புகழ்வார் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் முகம் மாறிவிட்டது.

"மற்ற ஆளை வைச்சு நீர் நேர்த்தி செய்யேலாது. அது அவவைக் கட்டாது. போய் இண்டைக்கே அவவுக்குச் சொல்லும்," என்றார்.

சொல்லத்தான் வேகமாக வீட்டுக்கு வந்தேன். வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. மகளுக்குச் சின்னமுத்து அம்மை போட்டிருந்தது. உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. சொல்ல நினைத்ததற்கே இதுவென்றால் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று என் மனம் கணக்குப் போட்டது. வாயை மூடிக்கொண்டேன். பிள்ளை சுகமான பிறகு, பாஸ்குத் திருநாள் முடியட்டும் என்றேன். பாஸ்கு முடிந்தது, மாரி மழை முடியட்டும் என்றேன். உண்மை என்னவென்றால், சொன்னால் எட்டு வருடம் வீணாகத் தடுத்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு வீம்பு அதிகம்.

பதினொரு வயதில் மகள் அதே சைக்கிளில் பழகினாள். சீற்றைப் பிடித்தவன் நான். தாய் தெரு ஓரத்தில் குடையோடு நின்று, "கீழ பாராதை பிள்ளை, தூரத்தைப் பார்," என்று சொல்லிக்கொடுத்தாள். மகள் ஒருமுறை சாய்ந்தபோது கைபிடியைப் பிடிக்க ஓடி வந்தவள், தொடுவதற்கு முன் கையை இழுத்துக்கொண்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. நான் மகளைத் தூக்கிவிடுகிற சாட்டில் குனிந்துகொண்டேன்.

மகள் பதினாறு வயதில் யாழ்ப்பாணத்துக் கன்னியர் மடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி படுக்கையில் விழுந்தாள். முறைக்காய்ச்சல் வந்து வந்து இருதயத்தை இளக்கிவிட்டது என்றார்கள் ஆசுபத்திரியில். இனி அதிக நாள் இல்லை என்று என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்கள். அன்று மத்தியானம் கஞ்சியைப் பருக்கிவிட்டு, கதிரையைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்துப் போட்டு இருந்தேன்.

"மடுவில நான் வைச்ச நேர்த்தி உம்மைக் கட்டாதாம். சுவாமி சொன்னவர். எட்டு வரியமாய் எனக்குத் தெரியும். நான் உமக்குச் சொல்லேல்லை."

அவள் முகட்டைப் பார்த்தபடி கிடந்தாள்.

"எனக்கும் தெரியும்," என்றாள்.

"ஆர் சொன்னது?"

"பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்த சுவாமி. அந்த மாசமே போய்க் கேட்டனான். கட்டாது பிள்ளை, நீ ஓடு எண்டவர்."

"அப்ப ஏன் ஓடேல்லை?"

அவள் இளைத்து இளைத்துத்தான் பேசினாள். "நான் ஓடியிருந்தா, பிள்ளைக்கு ஒரு தடிமன் காய்ச்சல் வந்தாலும் நீங்கள் என்னைத்தான் பாத்திருப்பியள். அதுதான்... நீங்களா வந்து, 'ஓடும்' எண்டு சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

பதினாறு வருடமாக என் வாயில் வராத அந்தச் சொல்லை அப்போது சொன்னேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓடும்," என்றேன்.

அவள் ஓம் என்று தலையை ஆட்டினாள். அடுத்த வியாழக்கிழமை அவளை அடக்கம் செய்தோம்.