யார் பிரிக்கவில்லை?

‘எழுத்தில் நான் எப்படி வளர்ந்தேன்’ என்று மூன்று பக்கம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார் எங்கள் மாலை வகுப்பு வாத்தியார். நாற்பத்தாறு வயதில் வளர்ச்சியாம்! இந்த வயதில் மனுஷி அகலத்தில்தான் வளர முடியும், அதற்கு மூன்று பக்கம் எதுக்கு, ஒரு தையல்காரர் போதுமே என்று முகத்துக்கு நேரே கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, "அதையும் எழுதுங்கம்மா" என்றார். இதோ, எழுதியாகிவிட்டது.

நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். வார்டுகளிலிருந்தும் ஆபரேஷன் தியேட்டரிலிருந்தும் அழுக்குத் துணி மூட்டை மூட்டையாக வரும். ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்து, நீளமான இரும்பு மேசையில் கொட்டி, கையுறை போட்ட கையால் உதறி, உள்ளே ஊசியோ கண்ணாடியோ யாருடைய பல்செட்டோ கிடக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மெஷினுக்கு அனுப்ப வேண்டும். பல்செட் என்று சும்மா சொல்லவில்லை. இதுவரை ஏழு கிடைத்திருக்கிறது. அந்த மேசைக்கு இரண்டே பேர். ஒருத்தி நான், இன்னொருத்தி எக்ஸ்பிரஸ்.

எக்ஸ்பிரஸ் என்பது கூடத்தில் நாங்கள் வைத்த பெயர். அவ்வளவு மெதுவு! தலையணை உறையைக்கூட உள்பக்கம் வெளியே திருப்பி, மூலைக்கு மூலை விரல் விட்டுப் பார்த்துத்தான் கீழே வைப்பாள். "அடியே, அது தலையணை உறை. அதுக்குள்ள என்ன புதையலா இருக்கு?" என்று நான் கத்தினால், "இருந்துட்டா என்னக்கா பண்றது?" என்பாள். முப்பது வயது, ஒரு கைக்குழந்தை, வேலை போய் வீட்டில் இருக்கும் புருஷன். அவள் வேலைக்கு வந்தால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். என் கோபத்தை அவளும் அவள் மெதுவை நானும் ஆறு வருஷமாகச் சகித்துக்கொண்டு வருகிறோம்.

போன வருஷம், எங்கள் சூப்பர்வைசர் ஓய்வு பெறப் போகிறார் என்று தெரிந்தது. அடுத்து நான்தான் என்று கூடம் முழுக்கப் பேச்சு. ஆனால் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டுமாம். நான் ஒன்பதோடு நின்றவள். சரி, வந்தது வரட்டும் என்று மாலை வகுப்பில் சேர்ந்தேன். கணக்கு ஏதோ வந்தது, அறிவியல் தத்தித் தத்தி வந்தது. தமிழில்தான் எனக்குத் திமிர். எனக்குத் தெரியாத தமிழா?

முதல் கட்டுரைக்கு ‘என் பணியிடம்’ என்று தலைப்புக் கொடுத்தார். நான் இப்படித் தொடங்கினேன்: ‘உலகம் தோன்றிய நாள் முதலாக மனித குலத்தால் துணிகள் துவைக்கப்பட்டு வருகின்றன.’ கடைசியில் ‘என்பதில் எள்ளளவும் ஐயமில்லை’ என்று முடித்து, கீழே இரட்டைக் கோடும் இழுத்தேன். படிக்கப் படிக்க எனக்கே புல்லரித்தது. தாள் திரும்பி வந்தபோது பார்த்தால் முப்பத்தெட்டு மதிப்பெண். ஓரத்தில் எட்டு இடத்தில் சிவப்பு மையால் ஒரே சொல்லை எழுதியிருந்தார்: ‘யார்?’

‘மூட்டைகள் கொண்டுவரப்படுகின்றன.’ யார்? ‘அவை பிரிக்கப்படுகின்றன.’ யார்? ‘நோய்கள் தடுக்கப்படுகின்றன.’ யார், யார், யார்?

எனக்கு வந்ததே கோபம். வாத்தியாருக்கு இருபத்தேழு வயது. என் மூத்த மகனைவிட இரண்டு வயதுதான் பெரியவர். "ஏன் சார், ஆபீஸ் கடுதாசியில எல்லாம் இப்படித்தானே எழுதறாங்க? படிச்சவங்க எழுத்து இப்படித்தானே இருக்கும்?" என்று மல்லுக்கு நின்றேன்.

"அவங்களுக்கு யாருன்னு சொல்ல விருப்பம் இருக்காதும்மா. உங்களுக்கு என்ன பயம்?" என்றார்.

பயமா, எனக்கா! பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அங்கே என் வீட்டுக்காரர், லாரி ஓட்டுகிறவர், தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். "வாத்தியார் நல்ல மனுஷன்தான். நானா இருந்தா எட்டோட நிறுத்தியிருக்க மாட்டேன்" என்றார். அன்றைக்கு அவருக்கு ஆறிப்போன டீதான் கிடைத்தது.

போகப் போக வகுப்பில் மட்டும் கொஞ்சம் திருந்தினேன். வாத்தியாருக்குப் பிடித்த மாதிரி எழுதி எழுபது, எழுபத்தைந்து என்று வாங்கினேன். சலவைக்கூடத்தில் என் பழைய நடை அப்படியே இருந்தது. லீவு லெட்டரா, மனுவா, எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். ‘தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவரப்படுகிறது’ என்று எழுதிக் கொடுத்தால் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. நானும் தலைகால் தெரியாமல் திரிந்தேன்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வகுப்பில் அரையாண்டுப் பரீட்சை. ஐந்து மணிக்கே கிளம்ப மேனேஜரிடம் அனுமதி வாங்கியிருந்தேன். கையுறையைக் கழற்றப் போகிற நேரம், தியேட்டரிலிருந்து ஐந்து பச்சை மூட்டை வந்து இறங்கியது. எக்ஸ்பிரஸ் அடுத்த தள்ளுவண்டியை எடுக்க லிப்டுக்குப் போயிருந்தாள். மேசையை ஆளில்லாமல் விட்டுப் போகக் கூடாது. சரி, அவள் வருவதற்குள் முடிப்போம் என்று நான்கு மூட்டையை அவிழ்த்துப் பார்த்துவிட்டேன். கடிகாரத்தைப் பார்த்தால் ஐந்து இருபது! பஸ் போய்விடும். ஐந்தாவது மூட்டையை வெளியிலிருந்து இரண்டு தட்டுத் தட்டினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. கட்டோடு தூக்கி மெஷினுக்குப் போகிற வண்டியில் போட்டேன். எக்ஸ்பிரஸ் எதிரே வந்தாள். "பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு ஓடினேன். அதற்குப் பிறகு அவள் தனியாக இன்னும் பதினோரு தியேட்டர் மூட்டை பிரித்திருக்கிறாள்.

மறுநாள் காலையில் போனால் கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். பெரிய மெஷினின் கதவு ரப்பரை ஒரு நீளக் கத்தரிக்கோல் கிழித்துப் போட்டிருந்தது. மெக்கானிக் ஒரு பச்சை மூட்டையைத் தூக்கிக் காட்டினார். ஒரு பக்கம் கிழிந்திருந்தது, வாய்க்கட்டு மட்டும் போட்டது போட்டபடி இருந்தது. மூன்று நாளுக்கு மெஷின் ஓடாதாம். கட்டோடு போட்டவள் நான்தானே.

மேனேஜர் என்னைத்தான் கூப்பிட்டார். "நீங்கதான் நல்லா எழுதுவீங்களே, மேலிடத்துக்கு ஒரு அறிக்கை எழுதிக் கொடுங்க" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், பொய் எழுத வேண்டும் என்று நான் உட்காரவில்லை. பேனாவைத் தொட்டதும் பழைய நடை தானாக ஓடி வந்தது. ‘நேற்று மாலை பெறப்பட்ட மூட்டைகளுள் ஒன்று, உரிய முறையில் பிரிக்கப்படாமல் இயந்திரத்தினுள் இடப்பட்டுள்ளது.’ அதில் பொய் ஒன்றுகூட இல்லை. ஆளும் இல்லை. மேனேஜர் படித்துவிட்டு "பிரமாதம்!" என்றார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனாலும் இருந்தது.

ஆள் இல்லை என்றால் மேலிடம் சும்மா விடுமா? சுவரில் இருந்த பணிப் பலகையைப் பார்த்தார்கள். வியாழன் ஐந்து மணிக்கு மேல் மேசையில் எக்ஸ்பிரஸ் பெயர் மட்டும். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அன்றைக்கே அவளை அனுப்பிவிட்டார்கள். கூடத்தில் ஒருத்தருக்கும் நம்பிக்கை வரவில்லை. தலையணை உறையையே விடாதவள் மூட்டையை விடுவாளா என்று பேசிக்கொண்டார்கள். நான் வாயே திறக்காமல் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "அக்கா, ஒரு மன்னிப்புக் கடுதாசி எழுதிக் குடுங்க. நீங்க எழுதினா மனசு இரங்குவாங்க" என்றாள்.

"நீ எதுக்குடி மன்னிப்புக் கேக்கணும்?"

"நான்தான் விட்டிருப்பேன். அன்னிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல், என் நினைப்பு இங்க இல்லை. ஒண்ணு கட்டோட போயிருக்கும். எனக்கு ஞாபகம் வரமாட்டேங்குதுக்கா."

அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. திங்கட்கிழமை பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டு, சமையலறையில் போய் நின்று அழுதேன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தாளும் பேனாவுமாகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் பதறிப்போனார். "சூப்பர்வைசர் பட்டியல்ல முதல் பேரே உன்னோடதுதான். தெரிஞ்சே தலையில மண்ணை அள்ளிப் போட்டுக்கப் போறியா?" என்றார். பிறகு மேசைத் துணியை இழுத்துச் சரிசெய்தார். "அந்தப் பொண்ணு நம்ம வீட்டுக்கு வந்தா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசறது? எழுது" என்று எழுந்து போய்விட்டார்.

நாலு தாளைக் கசக்கிய பிறகு இதில் வந்து நின்றேன்: ‘மாலை ஐந்து மணிக்கு வந்த ஐந்து மூட்டைகளில் நான்கைப் பிரித்துப் பார்த்தாகிவிட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் ஐந்தாவதைப் பிரிக்கவில்லை.’ அப்பாடா, ஒப்புக்கொண்டாயிற்று என்று மூச்சு விட்டேன். கீழே இன்னொரு வரியும் சேர்த்தேன்: ‘அந்த மேசையில் முன்பு நான்கு பேர் இருந்தனர். பிறகு ஆட்கள் குறைக்கப்பட்டனர்.’

திங்கள் காலையில் மேனேஜர் மேசைமேல் தாளை வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். தலையை ஆட்டினார். "அதான் தெரியுமே. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அந்தப் பொண்ணு பிரிக்கலை. நல்லா விசாரிச்சு எழுதியிருக்கீங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாளைத் தலைகீழாக இருந்தபடியே எட்டிப் பார்த்தேன். ‘பிரிக்கவில்லை.’ நான் பிரிக்கவில்லை என்றாலும் பிரிக்கவில்லைதான், நீ என்றாலும், அவள் என்றாலும் பிரிக்கவில்லைதான். நம் தமிழில் அந்தச் சொல்லுக்கு ஆளே கிடையாது! ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, இருக்கிற மொழியிலேயே நல்ல மறைவிடமாகப் பார்த்து ஒளிந்திருக்கிறேன். மேனேஜர் தாளைக் கோப்புக்குள் வைக்கப் போனார். நான் பேசாமல் இருந்தால் போதும். கதை அதோடு முடிந்தது, நாற்காலியும் எனக்கு.

அந்தச் சிவப்பு மைதான் கண்ணில் வந்து நின்றது.

"சார், ஒரு நிமிஷம். ஒரு சொல் விட்டுப்போச்சு" என்று அவர் கையிலிருந்து தாளை வாங்கினேன். அவர் பேனாவையே எடுத்தேன். ‘ஐந்தாவதை’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘நான்’ என்று எழுதினேன். இடம் பத்தாமல் எழுத்து மேலே ஏறிக்கொண்டது. அப்படியே தாளைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன்.

அவர் அந்தச் சொல்லைப் பார்த்தார். "சூப்பர்வைசர் பட்டியல்ல உங்க பேரு இருக்கறது தெரியும்ல?"

"தெரியும் சார்."

"இதை அனுப்பினா இந்த வருஷம் இருக்காது."

"தெரிஞ்சுதான் சார் எழுதினேன். அந்தப் பொண்ணை இன்னிக்கே கூப்பிடுங்க."

அவர் மறுபடியும் தாளில் குனிந்தார். கடைசி வரியில் விரலை வைத்தார். "எல்லாத்துக்கும் ஆள் போட்டுட்டீங்க. இங்க ‘ஆட்கள் குறைக்கப்பட்டனர்’னு விட்டிருக்கீங்களே, யாரு குறைச்சதுன்னு எழுதலையே?" என்றார். குரலில் கேலியா மிரட்டலா என்று தெரியவில்லை.

எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ! "என் வாக்கியத்துக்கு நான் ஆள் போட்டுட்டேன் சார். அது உங்க வாக்கியம், நீங்கதான் போடணும்" என்றேன்.

தொலைந்தோம் என்று நினைத்தேன். மனுஷன் கண்ணாடியைக் கழற்றி, முகத்தைத் துடைத்து, திடீரென்று சிரித்தார். "இத்தனை வருஷமா அறிக்கை படிக்கறேன், இப்படி ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை" என்றார். என் வரிக்குக் கீழே தன் கையால் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்ன எழுதினார் என்று காட்டவில்லை. ஆனால் அடுத்த வாரமே எங்கள் மேசைக்கு மூன்றாவது ஆள் வந்துவிட்டது. சூப்பர்வைசர் நாற்காலி இஸ்திரிப் பகுதி அம்மாவுக்குப் போனது. அதைப் பார்க்கிற போதெல்லாம் எனக்கு எரிகிறது, இல்லை என்று சொன்னால் பொய். அடுத்த வருஷம் பார்க்கலாம். பரீட்சையில் எண்பத்திரண்டு வாங்கினவள் நான்.

அன்று மதியமே எக்ஸ்பிரஸ் வீட்டுக்கு ஓடினேன். ஆபீஸிலிருந்து போன் வருவதற்கு முன்னால் என் வாயால் சொல்ல வேண்டும் என்று இருந்தது. கதவைத் திறந்ததும், வாசலில் நின்றபடியே, "அந்த மூட்டையைக் கட்டோட போட்டது நான்டி. நீ இல்லை" என்றேன்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் ஆரம்பித்தாள் பாருங்கள்! ஆறு வருஷத்தில் அவள் வேகமாகச் செய்து நான் பார்த்தது அன்றைக்கு என்னைத் திட்டியதுதான். "நாலு நாளா என் கையையே நான் நம்பலைக்கா! குழந்தையைத் தூக்கக்கூடப் பயமா இருந்துச்சு, இதையும் எங்கயாவது விட்டுடுவேனோன்னு! கண் முன்னால உக்காந்து அழுதேனே, அப்பக்கூட உங்களுக்கு வாய் வரலையா?" எதிர் வீட்டுக் கதவெல்லாம் திறந்தது. யாராவது ஒரு சொல் சொன்னால் பத்துச் சொல் திருப்பிக் கொடுக்கிற நான், வாயை மூடிக்கொண்டு அத்தனையும் கேட்டேன். கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கடைசியில் மூச்சு வாங்க நின்றாள். இரண்டு கையையும் விரித்து, முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப நான் ஒண்ணுகூட விடலையாக்கா?"

"ஆறு வருஷத்துல நீ ஒண்ணுகூட விடலைடி" என்றேன்.