தேயட்டும் என்று வேண்டிய நிலா

என் மகளுக்கு ஏழு வயது நடந்தபோது, பார்க்கிறவர்கள் எல்லாம் அவள் கன்னத்தைக் கிள்ளி, "பௌர்ணமி மாதிரி இருக்கா!" என்றார்கள். நானும் சிரித்து வைப்பேன். உள்ளுக்குள், இந்தப் பௌர்ணமி எப்போது தேயும் என்று தவித்துக்கொண்டிருப்பேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மலேசியாவின் ஈப்போ நகரில், சிலிபின் பக்கம் வாடகை வீட்டில் இருந்தோம். கணவர் லோரி ஓட்டினார். நான் ரப்பர்த் தோட்டத்தை ஒட்டிய ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. ஒருநாள் காலை மகள் கண்ணைத் திறக்க முடியாமல் எழுந்தாள். இமைகள் ஊறிய கொண்டைக்கடலை போல உப்பியிருந்தன. கொசு கடித்திருக்கும் என்றார் கணவர். மாலையில் அவள் காலுறையைக் கழற்றினேன். அதன் விளிம்பு கணுக்காலில் வளையம் போலப் பள்ளமாகப் பதிந்திருந்தது. எந்தக் கொசுவும் அப்படிக் கடிக்காது.

பக்கத்து ஊரான பத்து காஜாவில் ஒரு மருத்துவர், சிறுநீரகக் கோளாறு என்றார். உடம்பில் நிற்க வேண்டிய சத்து சிறுநீரோடு போய்க்கொண்டிருந்ததாம். மாத்திரை கொடுத்தார். உப்பை நிறுத்தச் சொன்னார்.

"வீக்கம் வடிஞ்சிடும். ஆனா இந்த மாத்திரையே கன்னத்தை உருண்டையாக்கும், பயப்படாதீங்க. கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு நிறுத்திட்டா முகம் பழையபடி ஆயிடும். குறைக்கிறப்போ நோய் திரும்பாம இருக்கணும். அதுதான் முக்கியம்."

அதைக் கண்டுபிடிக்கும் வேலை எனக்கு. தினமும் காலையில் அவள் சிறுநீரைச் சோதனைக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காட்ட வேண்டும். வெந்த முட்டையின் வெள்ளை போலத் திரண்டால் நோய் இருக்கிறது. தெளிவாக நின்றால் அன்றைக்குப் பிழைத்தோம். ஒருபக்கம் அடுப்பில் தேத்தண்ணீர், இன்னொரு பக்கம் விளக்கில் இந்தக் கொதி. கணவர் குழாயைப் பார்க்கமாட்டார், என் முகத்தைத்தான் பார்ப்பார். பார்த்துவிட்டுத்தான் லோரிச் சாவியை எடுப்பார்.

"வெளிய யார்கிட்டயும் சொல்லாத," என்றார் அவர். "பொம்பளப் பிள்ள. நாளைக்கு கல்யாணம் காட்சின்னு வந்தா கேப்பாங்க."

ஏழு வயதுப் பிள்ளைக்கு மாப்பிள்ளைக் கவலை! ஆனாலும் நான் தலையாட்டினேன். கேட்டவர்களிடம் 'சத்து மாத்திரை' என்று சொன்னோம். இரண்டு மாதத்தில் அவள் முகம் வட்டமாக, வெளிச்சமாக, தட்டினால் உருண்டுவிடும்போல் ஆகிவிட்டது. எதிர்வீட்டு அக்கா என்னை வேலியோரம் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், அந்த சத்து மாத்திரை எந்த கடையில வாங்குனீங்க? எம் மவன் ஒட்டடக் குச்சியா இருக்கான் லா. எனக்கும் ஒரு போத்தல் வாங்கித் தாங்களேன்."

"ஸ்டோக் முடிஞ்சிருச்சாம் அக்கா," என்றேன். அந்த ஸ்டோக் பிறகு வரவேயில்லை.

பள்ளியில் உவமைப் பாடம் வந்தது. முழு நிலவை எதோடு ஒப்பிடலாம் என்று கேட்டேன். பிள்ளைகளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. தோசை என்றான் ஒருவன். பக்கத்தில் இருந்தவன், "ரொட்டி சானாய் டீச்சர், தோசையில ஓட்டை இருக்கும்," என்று மறுத்தான். பால்மரம் வெட்டுகிறவரின் மகள் மெதுவாகச் சொன்னாள்: "மங்கு நெறைய பாலு மாதிரி." மரத்தில் கட்டிய கிண்ணத்தில் ரப்பர்ப் பால் தளும்பி நிற்பதைப் பார்த்திருந்தால் அந்த உவமையை மறக்க முடியாது. நான் பாராட்டி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டீச்சர் மவ மூஞ்சி மாதிரி!"

வகுப்பே சிரித்தது. அதே வகுப்பில் படித்த என் மகளும் பெருமையாகச் சிரித்தாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, அழிக்கத் தேவையில்லாத எதையோ அழித்தேன்.

அன்றிலிருந்து எனக்குக் கவிஞர்கள்மேல் ஒரு சின்னக் கோபம். பெண் முகம் என்றால் அவர்களுக்கு முழுமதிதான் வேண்டும். நல்ல காரியம் எதுவானாலும் நாம் வளர்பிறையில்தான் வைக்கிறோம். தேய்பிறைக்கு ஏங்கும் ஒரு தாய் எந்த வரியில் போய் ஒண்டிக்கொள்வாள்?

எல்லாரையும்விட அதிகம் மகிழ்ந்தவர் என் நாத்தனார். அவரிடமும் நாங்கள் உண்மையைச் சொல்லவில்லை. கடலோர ஊரான லூமுட்டில் இருந்தார். அவர் கணவருக்குப் படகுத்துறையில் வேலை. பேருந்தில் வரும்போதெல்லாம் பை நிறையக் கருவாடு கொண்டுவருவார். வந்ததும் வாசலிலேயே மருமகளை நிறுத்தி, உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போடுவார்.

"ஊரு கண்ணு பூரா என் தங்கத்து மேலதான். இந்தாம்மா, கருவாடு நல்லா பொரிச்சுக் குடு. பிள்ள இப்பதான் தேறி வருது."

"சரி அண்ணி," என்பேன். அவர் பேருந்து ஏறியதும் கருவாடு வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்துக்குப் போய்விடும். அந்த வீட்டு ஆன்ட்டி பதிலுக்குப் பப்பாளி தருவார்.

மருத்துவர் மாத்திரையைக் குறைக்கத் தொடங்கினார். ஒவ்வொரு தடவை குறைத்த பிறகும் வரும் காலைகளில் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு தடவை தூக்கிப் பார்ப்பேன். ஆனால் குழாய் தெளிவாகவே இருந்தது. மகளின் தாடை எலும்பு மெல்ல வெளியே எட்டிப் பார்த்தது. கன்னம் இறங்கியது. நான் குளிப்பாட்டும் சாக்கில் அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொள்வேன். கடைசி அரை மாத்திரை மட்டும் மிச்சம். அதையும் நிறுத்தலாமா என்பதை அடுத்த சந்திப்பில் சொல்வதாக மருத்துவர் கூறியிருந்தார்.

அந்த நேரத்தில்தான் சீனர்களின் விளக்குத் திருவிழா வந்தது. வானத்தில் முழு நிலா. எங்கள் தெருவில் மீன், முயல், வண்ணத்துப்பூச்சி என்று வண்ணத்தாள் விளக்குகள். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஊர்வலம் போனார்கள். சீன ஆன்ட்டி எங்களுக்கும் நிலா கேக் கொடுத்தார். வெட்டினால் நடுவில் உப்பில் ஊறிய முட்டைக் கரு, மஞ்சளாக, முழு நிலா போலவே. மகளிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன்: சுற்றியிருக்கும் இனிப்பைத் தின்னலாம், நிலாவைத் தொடக்கூடாது.

அன்று நாத்தனாரும் வந்திருந்தார். விளக்கோடு ஓடிவந்த மருமகளைப் பார்த்ததும் பை கையிலிருந்து நழுவியது.

"ஐயோ, என்னாச்சு என் தங்கத்துக்கு? முகம் இப்படி வத்திப்போச்சே! எந்தப் பாவி கண்ணு வெச்சான்? நீ ஒழுங்கா சோறு போடுறியா இல்லியா?"

நான் பதில் சொல்வதற்குள், தட்டிலிருந்த முட்டைக் கருவை எடுத்தார். "வாயத் தொறடி. இதுலதான் சத்து இருக்கு."

மகள் என்னைப் பார்த்தாள். நான் பாய்ந்து தட்டிவிட்டேன். கரு உருண்டு சாக்கடையில் விழுந்தது.

"அது உப்பு அண்ணி! அவளுக்கு உப்பு ஆகாது! அவளுக்கு கிட்னியில நோய்!"

தெருவே நின்றது. பிள்ளைகளின் விளக்குகள்கூட ஆடாமல் நின்றதாக ஞாபகம். மாதக்கணக்காக விழுங்கி வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்தது. மாத்திரை, குழாய், பத்து காஜா, முகம் மெலிந்தால்தான் பிள்ளை தேறுகிறாள் என்பது. சொல்லிக்கொண்டே அழுதேன்.

எதிர்வீட்டு அக்கா வாயைப் பிளந்தார். "அப்ப அந்த சத்து மாத்திரை? நல்லவேளை ஸ்டோக் இல்லாம போச்சு!"

நாத்தனார் படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னை முறைத்தார்.

"அப்ப இத்தன நாளா நான் கொண்டாந்த கருவாடு?"

நான் வேலிப்பக்கம் பார்த்தேன். அவரும் பார்த்தார். அங்கே சீன ஆன்ட்டி, கருவாடு என்ற சொல்லைத் தவிர எதுவும் புரியாமல், நாத்தனாரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். "சேடாப், அக்கா!" ரொம்ப ருசி என்று மலாயில் பாராட்டு.

நாத்தனாருக்குச் சிரிப்பு வெடித்தது. அழுகையும் கூடவே வந்தது. மருமகளின் தாடையைப் பிடித்து, விளக்கு வெளிச்சத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இனி யாரும் இவள நிலான்னு சொல்லக் கூடாது. தேங்காக் கீத்து மாதிரி இருக்கா என் ராசாத்தி."

அடுத்த வாரம் மருத்துவர் அந்த அரை மாத்திரையையும் நிறுத்தினார். ஒரு துண்டு முட்டைக் கருவால் குடி முழுகியிருக்காது என்று சிரிக்கவும் செய்தார். பிறகும் வெகுநாள் குழாயைக் கொதிக்க வைத்துப் பார்த்தேன். அது தெளிவாகவே இருந்தது.

எண்பதுகள் முடியப்போகும் இப்போது அவள் இடைநிலைப் பள்ளி மாணவி. காலையில் தேத்தண்ணீர் எடுக்க அடுப்படிக்கு வரும்போது என் கண் தானாக அவள் இமைக்குப் போகும். என் கை அப்படியே நின்றுவிடும். அவளுக்கும் அது தெரியும். முகத்தை என் பக்கம் நீட்டி, இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டுவாள்.

"நல்லா பாத்துக்கம்மா. தேங்காக் கீத்துதான்."

அதன் பிறகுதான் நான் தேத்தண்ணீரை ஊற்றுவேன்.