நான் சொன்ன சாட்சி

போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறேன். இயேசுவை ஏற்றுக்கொண்டு குடியை விட்டபின், ஞாயிறுதோறும் சபையில் எழுந்து சாட்சி சொல்வேன். போதையில் என் மனைவியின் கையை முறித்ததைச் சொல்லி அழுவேன். எல்லோரும் அல்லேலூயா சொல்வார்கள்.

ஒரு ஞாயிறு அவள் கிளம்பவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"நீங்க சொல்லச் சொல்ல எல்லாரும் என் கையத்தான் பாக்குறாக. கர்த்தர்கிட்ட மன்னிப்புக் கேட்டீக, சரி. எங்கிட்ட எப்பக் கேட்டீக?"

இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அன்றே கேட்டேன். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. இப்போது நான் சாட்சி சொல்ல எழுவதில்லை. கோணலாகச் சேர்ந்த அந்தக் கையால் அவள் வீட்டில் ஏலக்காய் தரம் பிரிக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து நானும் பிரிக்கிறேன். எழுந்து போகச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.