கழுத்துப்பட்டையின் நீளம்

நடந்தவை, வரிசையாக:

1. தங்கையின் தைராய்டில் இருந்த புற்றுநோய்க் கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள்.
2. கழுத்தின் குறுக்கே தழும்பு நின்றது. தூக்கு மாட்டிக்கொண்டு பிழைத்தவள் என்று தெருவில் பேசினார்கள். அவள் வெளியே போவதை நிறுத்தினாள்.
3. அவள் விடாமல் பார்த்த ஒரு விண்வெளித் தொடரின் நாயகி கறுப்புக் கழுத்துப்பட்டை அணிந்திருப்பாள். ரசிகர்கள் கதாபாத்திரங்களைப் போல வேடமிட்டு வரும் காஸ்ப்ளே நிகழ்ச்சிக்கு அந்த வேடத்தில் போகிறேன் என்றாள்.
4. பட்டையை நான் செய்தேன். பொருந்தியது.
5. நிகழ்ச்சிக்கு முந்தைய வாரம் பொருந்தவில்லை.

நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ படித்தவள். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பிரஷர் கேஜ்களைச் சரிபார்ப்பது வேலை. திரையில் இருப்பது போலவே வேண்டும் என்று தங்கை கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு காட்சியில் நாயகி அடையாள அட்டையைக் கன்னத்தருகே பிடித்திருப்பாள். அது ஏ.டி.எம். கார்டு அளவு அட்டை, அந்த அளவு தெரிந்ததுதான். படத்தை அங்கே நிறுத்தி, அதோடு ஒப்பிட்டுப் பட்டையின் அகலத்தைக் கணக்கிட்டேன். நடுவிலுள்ள முட்டை வடிவத் தகட்டைப் பித்தளையில் வெட்டினால் எங்கள் கடலோர உப்புக் காற்றுக்குச் சீக்கிரமே கறுத்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வெட்டி, ஓரங்களை அரத்தால் ராவினேன்.

பட்டைக்கு வேண்டிய கறுப்பு ரெக்சினுக்குத் தண்டையார்பேட்டையில் லாரி சீட் தைப்பவரிடம் போனோம். துப்பட்டாவால் கழுத்தைச் சுற்றிக்கொண்டு தங்கையும் வந்தாள். நான் கேட்ட அகலத்தைப் பார்த்து அவர் சிரித்தார்.

"இன்னாம்மா, நாய்க்குப் பட்டையா?"

"ஆமாண்ணா. அந்த நாய் நான்தான்," என்றாள் தங்கை. "கடிக்க மாட்டேன், தைரியமா வெட்டு."

அவர் கீறல் இல்லாத துண்டாகத் தேடி எடுத்து வெட்டிக் கொடுத்தார்.

தொடரில் பட்டைக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளியே தெரியாது. விழுங்குவதற்கு மட்டும் இடம் விட்டு, பின்பக்கம் அழுத்தி மூடும் டிச் பட்டன் அடித்தேன். போட்டதும் தழும்பு முழுவதும் மறைந்தது. காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு வந்த அம்மா, கூடையை இறக்காமல் வாசலிலேயே நின்று பார்த்தாள். அன்று தங்கை துப்பட்டா இல்லாமல் முனைக் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தாள்.

பிறகு பட்டையைப் பத்திரமாக எடுத்து வைத்தோம். நிகழ்ச்சிக்கு முந்தைய வாரம் முழு வேடமும் போட்டுப் பார்த்தபோது பட்டனின் இரு பாதிகளும் சந்திக்கவில்லை. எங்கள் வேலையில் எண் மாறினால் முதலில் கருவியைத்தான் சந்தேகிக்க வேண்டும். கடல் ஈரத்தில் ரெக்சின் சுருங்கியிருக்கும் என்று பட்டையை அளந்தேன். வெட்டிய அன்றிருந்த அதே நீளம். அளக்கும் டேப் நீண்டுபோயிருக்கலாம் என்று இரும்பு ஸ்கேலை வைத்து அளந்தேன். அதே நீளம். மாறியது கழுத்துதான்.

சில வாரங்களாகவே அவள் குரல் கரகரத்துக்கொண்டிருந்தது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் பறக்கும் நாட்களில் எங்கள் பகுதியில் எல்லோர் குரலும் அப்படித்தான். அம்மாவுக்கும் எனக்கும் கரகரத்தது. மூவரும் ஒரே கஷாயத்தைக் குடித்துவிட்டு இருந்துவிட்டோம்.

தழும்புக்கு மேலே, ஓரமாக, தொட்டுப் பார்த்தேன். கெட்டியாக ஒன்று இருந்தது.

"தெரியும்க்கா," என்றாள். "ஒரு தபா போட்டுகினு போட்டோ எடுத்துக்குறேன். அப்பால ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ."

அம்மா அழவில்லை. "உன் போட்டோ எங்கடி ஓடிடப் போவுது? காலையில கெளம்பு," என்றாள்.

தங்கை ஒரு நிபந்தனை போட்டாள். அதற்காகப் பட்டையின் பின்னால் ஒரு துண்டை ஒட்டித் தைத்து, பட்டனை மாற்றி அடித்தேன். காலையில் அதை அணிந்துகொண்டு, துப்பட்டா இல்லாமல், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். ஓ.பி. சீட்டு வரிசையில் நின்றவளை அம்மா என் போனில் படம் எடுத்தாள். படத்தில் பாதி அம்மாவின் விரல். ஸ்கேன் அறை வாசலில், உலோகம் எதுவும் உள்ளே வரக்கூடாது என்றார்கள். அவளே கழற்றி என் கையில் கொடுத்தாள்.

இப்போதைய நிலை: கட்டி திரும்ப வந்திருக்கிறது. நிகழ்ச்சி நாங்கள் இல்லாமல் நடந்து முடிந்தது. இரண்டாவது ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். குரல் பழையபடி இருக்குமா என்பதற்கு டாக்டர் உறுதி சொல்லவில்லை. பட்டை என் டூல் பெட்டியில் இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு என்ன அளவு வரும் என்று தெரியாததால் பட்டனைக் கழற்றி வைத்திருக்கிறேன்.